சோலோ: ஒற்றை வேறு, தனி வேறு

பீட்டில்ஸ் என்ற ஆங்கில ராக் குழு 1967இல் வெளியிட்ட பாடல் ஒன்றில் குழுவின் நால்வரில் ஒருவர்தான் இருக்கிறார். ‘வித்தின் யூ விதவுட் யூ’ என்ற அந்தப் பாட்டை எழுதியவரும் பாடியவரும் ஜார்ஜ் ஹாரிசன். உடன் வாசித்தவர்கள் லண்டனில் இருந்த இந்திய வாத்தியக்காரர்களும், சில வயலின், செல்லோ கலைஞர்களும். மற்ற மூவரான லெனானும் மெக்கார்ட்னியும் ரிங்கோவும் அதில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஆனாலும் அது குழுவின் பாடல்.

மூன்றாண்டு கழித்து, 1970 நவம்பரில், ஹாரிசன் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். மூன்று இசைத்தட்டுகள். ரிங்கோ டிரம்ஸ் வாசிக்கிறார். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், பில்லி பிரஸ்டன், கிளவுஸ் ஃபூர்மன், பேட்ஃபிங்கர் குழுவினர் என்று கல்யாண வீட்டுக் கூட்டம். இதற்குப் பெயர் சோலோ ஆல்பம்.

சோலோ என்பது இத்தாலியச் சொல். ‘தனித்த’, ‘மட்டும்’ என்று பொருள்படும் ‘சோலுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஐரோப்பிய இசைச்சுவடிகளில் ஒரு வாத்தியம் முன்னே வரவேண்டிய இடத்தில் ‘சோலோ’ என்றும், எல்லோரும் சேர வேண்டிய இடத்தில் ‘துத்தி’ என்றும் குறித்து வைப்பார்கள். அந்தக் காலத்திலேயே இந்தச் சொல் தலையை எண்ணவில்லை என்பதுதான் வேடிக்கை. பரோக் காலத்து (ஏறத்தாழ 1600–1750) வயலின் சோலோ சொனாட்டா பெரும்பாலானவற்றுக்கு, வயலினோடு ஒரு ஹார்ப்சிகார்டும் பல சமயம் ஒரு செல்லோவும் வேண்டும். மேடையில் மூன்று பேர், தாளில் சோலோ. முன்னே நிற்பது யார் என்பது மட்டுமே அங்கே கணக்கு.

ராக் இசைக்கு வந்தபோது சொல் இரண்டாகக் கிளைத்தது. பாட்டின் நடுவே ஒருவர் சில வரிகள் அளவுக்கு வாசித்துக்காட்டுவது ஒன்று, கிட்டார் சோலோ. குழுவை விட்டு வந்தோ, குழுவில் இருந்துகொண்டோ தன் பெயரில் பாடல்களை வெளியிடுவது மற்றொன்று, சோலோ ஆல்பம். தமிழில் இரண்டையும் ஒரே மூச்சில் சோலோ என்று எழுதிவிடுகிறோம். இப்போது பைக்கில் யாரும் துணையின்றி கொடைக்கானல் போனால் அதுவும் சோலோ.

இரண்டாவது பொருளுக்கு ஹாரிசனை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பீட்டில்ஸில் பாட்டெழுதும் அதிகாரம் லெனான், மெக்கார்ட்னி இருவர் கையில் இருந்தது. ஒருவர் மட்டும் எழுதிய பாட்டுக்கும் இருவர் கையெழுத்தையும் போடும் ஏற்பாடு அது. ஹாரிசனுக்கு ஒரு தட்டில் ஒன்றிரண்டு பாட்டு கிடைக்கும்; 1966இல் மூன்று, 1968இன் இரட்டைத் தட்டில் முப்பதில் நான்கு. அவர் எழுதுவதோ நிற்கவில்லை. பாட்டுகள் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின. தொகுப்புக்குப் பெயர் தந்த பாட்டையே 1969 ஜனவரியில் மற்ற மூவருக்கும் சொல்லித்தந்து பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். கடைசியில் குழுவின் தட்டு எதிலும் அது ஏறவில்லை.

அதே ஜனவரி 10ஆம் தேதி அவர் ஒத்திகையை விட்டு எழுந்து போனார். அன்று எழுதியது ‘வா-வா’. தமிழ்க் காதுக்கு அழைப்பாகக் கேட்கும். அவர் சொன்னதோ நேரெதிர். வா-வா என்பது கிட்டாரின் ஒலியை வளைக்கும் கால்மிதிக் கருவி. அவர் அதைத் தலைவலிக்கும் பெயராக வைத்துக்கொண்டார். பதிவைக் கேளுங்கள். கிட்டார் தொடங்கிவைக்கிறது, அதன்மேல் இன்னும் கிட்டார்கள், பிறகு ஊதுகருவிகள், பிறகு டிரம்ஸ், எல்லாவற்றின் மேலும் எதிரொலி. ‘நான் அழுவது உனக்குத் தெரியவில்லை, பெருமூச்சு விடுவது கேட்கவில்லை’ என்று குமுறும் பாட்டில் பாடுபவரின் குரலே கூட்டத்துக்குள் பாதி மூழ்கிக்கிடக்கிறது.

குழுவில் எழுதியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு இங்கேதான் தெரிகிறது. குழுவில் அவர் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று நிமிட அளவில் சிக்கனமாக முடியும். ‘சம்திங்’ அப்படித்தான், அதில் ஒரு சுரம் மிகையில்லை. தனியே வந்ததும் ஒரு பாட்டு ஏழு நிமிடம் ஓடுகிறது, ஒரே வரி நாமாவளிபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. சில இடங்களில் அதுவே பெருமை. சில இடங்களில், ‘போதும்’ என்று சொல்ல மெக்கார்ட்னி அங்கே இல்லையே என்று தோன்றும். மூன்றாவது தட்டை நான் பெரும்பாலும் உறையிலிருந்து எடுப்பதே இல்லை. 2001இல் மறுவெளியீட்டுக்கு எழுதிய குறிப்பில், அந்தப் பெரிய ஒலியமைப்பிலிருந்து சில பாட்டுகளை விடுவிக்கலாமா என்று தோன்றியதாக ஹாரிசனே எழுதினார். அந்தத் தொகுப்பில் புகழ்பெற்ற ‘மை ஸ்வீட் லார்ட்’ வேறொரு பாட்டின் மெட்டைத் தன்னையறியாமல் எடுத்துக்கொண்டது என்று 1976இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் பெயரில் வெளியிட்டால் வழக்கும் தன் பெயருக்கே வரும்.

ஆக, சோலோ என்பது ஆள் கணக்கன்று. யார் சொல் செல்லும் என்ற கணக்கு. தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. ‘ஒற்றை’ எண்ணிக்கையைச் சொல்கிறது. ‘தனி’ பிரித்துக்காட்டுகிறது. ‘தன்’ என்பதோடு அதை உறவுபடுத்திப் பார்த்தால் பொருள் இன்னும் துலங்கும். தனிக்குடித்தனம் போன மகன் வீட்டில் மனைவி இருப்பாள், குழந்தைகள் இருப்பார்கள், சில சமயம் மாமியாரும் இருப்பார். அடுப்பு வேறு, அவ்வளவுதான். ஹாரிசன் போனது தனிக்குடித்தனம். தனிமரம் தோப்பாகாது என்ற பழமொழி மட்டும் என் வாதத்துக்கு ஒத்துழைக்க மறுக்கிறது. அங்கே தனி என்றால் ஒற்றையேதான்.

1970 ஏப்ரலில் வந்த மெக்கார்ட்னியின் தட்டு கதையே வேறு. மனைவி லிண்டாவின் பின்குரல் நீங்கலாக, வாத்தியங்கள் எல்லாவற்றையும் அவரே வாசித்தார். ஆங்கிலத்தில் இரண்டும் சோலோ. தமிழில் ஹாரிசனுடையதைத் தனித்தொகுப்பு என்றும், மெக்கார்ட்னியுடையதை ஒற்றையாள் தொகுப்பு என்றும் பிரித்து எழுத வழியிருக்கிறது.

‘தனிப்பாடல்’ என்று போடலாமே என்பவர்களுக்கு: அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. புலவர்கள் அவ்வப்போது பாடிய உதிரிச் செய்யுளுக்கும், ஜோடிப்பாடல் அல்லாத சினிமாப் பாட்டுக்கும் அதுவே பெயர். ‘தனியிசை’யும் இப்போது சினிமா சாராத இசையைக் குறித்துவிட்டது. பேண்ட் என்பதற்கு இசைக்குழு போதும், நம் ஊர் மெல்லிசைக் குழுபோல அடுத்தவர் பாட்டைப் பாடுவோர் என்று வாசகர் நினைத்துவிடாத இடங்களில். எழுத்துப்பெயர்த்தால் கால்சட்டை நினைவுக்கு வருகிற தொல்லையும் தீரும்.

கிட்டார் சோலோவுக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கர்நாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் இருக்கிறது. பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் போட, மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, மாற்றி வாசிக்கும் அளவு படிப்படியாகச் சுருங்கும் குறைப்பு முடிந்து, கோர்வை என்ற முடிப்புக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். மூன்று பேர் வாசித்தாலும் அது தனிதான். சபாக்களில் சுருக்கமாக ‘தனி விட்டார்’ என்பார்கள். 1968இல் ஹாரிசன் எழுதிப் பாடிய ‘வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்’ பாட்டில் கிட்டார் சோலோ வாசித்தது குழுவிலேயே இல்லாத கிளாப்டன். தட்டின் உறையில் அவர் பெயர்கூட இல்லை. ஹாரிசன் கிளாப்டனுக்குத் தனி விட்டார் என்று எழுதினால், கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. தனி என்றதும் கேன்டீனுக்கு எழுந்து போகாதவராக இருந்தால் சரி.