சாஃப்ட்வேரைத் திட்டுறதுக்கு முன்னாடி டிராப்பைப் பாருங்க

நான் செய்யுற வேலை ப்ரோட்டீன் கிரிஸ்டலோகிராஃபி, அதாவது ப்ரோட்டீனைக் குட்டித் துளியில (அதுதான் டிராப்) கிரிஸ்டலா வளர்த்து, எக்ஸ்ரே அடிச்சு, விழுற ஸ்பாட்டை வச்சு அதோட வடிவத்தைக் கண்டுபிடிக்கிறது. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணி இருக்கும், வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். "அக்கா, மூணு வாரமா ஃபேசர் ஓட்டுறேன், சொல்யூஷனே வர மாட்டேங்குது, டேட்டா 1.8 ஆங்ஸ்ட்ராம், ஸ்பாட்டெல்லாம் முத்து முத்தா இருக்கு, எங்க தப்புன்னே புரியலை"ன்னு. ஃபேசர்ங்கிறது தெரிஞ்ச ஒரு ப்ரோட்டீன் வடிவத்தை (அதுதான் மாடல்) டேட்டாவோட பொருத்திப் பார்த்து விடை தேடுற சாஃப்ட்வேர், 1.8 ஆங்ஸ்ட்ராம்னா நல்ல துல்லியமான டேட்டா. அனுப்புன தம்பி இங்க டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளர்ந்த பையன், பாட்டிகிட்ட பேசிப் பேசியே தமிழை விடாம வச்சிருக்கான், பிஹெச்டி ரெண்டாவது வருஷம். மூணு வாரத்துல அவன் மாத்தாத செட்டிங் இல்ல, அஞ்சாறு மாடல் போட்டுப் பார்த்துட்டான், ரெசல்யூஷனைக் குறைச்சுப் பார்த்துட்டான், சாஃப்ட்வேரையே அழிச்சுட்டு புதுசா இன்ஸ்டால் பண்ணிப் பார்த்துட்டான்.

நான் கேட்டேன், "யூனிட் செல் என்ன தம்பி?" கிரிஸ்டல்ல திரும்பத் திரும்ப வர்ற குட்டிப் பெட்டியோட அளவு அது.

"79, 79, 38. மூணு ஆங்கிளும் 90 க்கா."

"பாக்டீரியாவை உடைக்க என்ன போட்ட?"

"லைசோசைம் போட்டு அரை மணி நேரம் வச்சேன், அப்புறம் சோனிகேட் பண்ணேன்."

அவ்வளவுதான் விஷயம். நமக்கு வேண்டிய ப்ரோட்டீனை பாக்டீரியாவுக்குள்ளதான் செய்ய வைப்போம், அதை உடைக்கப் போடுற லைசோசைமும் ஒரு ப்ரோட்டீன்தான், அவன் டிராப்ல கிரிஸ்டல் ஆனது அதுதான். கோழி முட்டை வெள்ளைக்கருவுல இருந்து எடுக்குற லைசோசைமோட டெட்ராகோனல் கிரிஸ்டலுக்கு செல் கிட்டத்தட்ட 79, 79, 38 தான், இந்தத் துறையில கொஞ்ச நாள் இருந்தவங்களுக்கு அது வீட்டு நம்பர் மாதிரி மனப்பாடமா இருக்கும். அவனோட ப்ரோட்டீன் 16 கிலோடால்டன், லைசோசைம் 14.3. ஜெல்ல ரெண்டும் ஒட்டி ஒட்டி ஓடும், சைஸ் எக்ஸ்க்ளூஷன் காலம் (column, ப்ரோட்டீனை அளவு பார்த்துப் பிரிக்கிற குழாய்) ரெண்டையும் பிரிக்கவே பிரிக்காது. கிரிஸ்டல் வந்த கண்டிஷன் என்னன்னு கேட்டா சோடியம் குளோரைடு, அசிடேட் பஃபர், பிஹெச் 4.6, லைசோசைமுக்கு இதைவிடப் பிடிச்ச இடம் கிடையாது. அந்த செல்லுக்குள்ள ப்ரோட்டீன் அடங்குமான்னு பார்க்குற மேத்யூஸ் கணக்கு போட்டுப் பார்த்தியான்னு கேட்டேன், போட்டேன் சரியா வந்துச்சுன்னான், அதுவும் பொய் இல்ல, அவன் ப்ரோட்டீனுக்கு 1.85, லைசோசைமுக்கு 2.07, ரெண்டுமே நடக்கக்கூடிய நம்பர்தான், அதனால எந்த மணியும் அடிக்கலை. லைசோசைம் மாடலைப் போட்டு ஓட்டச் சொன்னேன். பத்தே நிமிஷத்துல சொல்யூஷன் வந்துருச்சு. ஃபேசர் குடுக்குற டிஎஃப்ஸெட் மதிப்பெண் 8-ஐத் தாண்டினா நம்பலாம்னு பொதுவா சொல்லுவாங்க, இது எங்கேயோ மேல போய் நின்னுச்சு. மறுமுனையில கொஞ்ச நேரம் பதிலே இல்ல, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, மூணு வாரத் தூக்கம்ங்க அது.

இதை எழுதுறதுக்குக் காரணமே அதுதான். என்கிட்ட வர்ற பிரச்சனையில முக்கால்வாசி "சாஃப்ட்வேர் வேலை செய்யலை"ன்னுதான் வருது, உள்ள போய்ப் பார்த்தா சாஃப்ட்வேர் ஒழுங்காத்தான் வேலை செய்யுது, தப்பு அதுக்கு ரெண்டு மூணு படி முன்னாடி, டிராப்லயோ காலம்லயோ உக்காந்திருக்கு. ஸ்பாட்டை வச்சு செல்லைக் கணக்குப் போட்டு இண்டெக்ஸ் ஆன அன்னைக்கே, வேற எதுவும் செய்யுறதுக்கு முன்னாடி, அந்த யூனிட் செல்லை பிடிபில (இதுவரைக்கும் கண்டுபிடிச்ச ப்ரோட்டீன் வடிவங்களோட பொதுத் தொகுப்பு) தேடிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. லைசோசைம் மட்டும் இல்ல, ஈ கோலையோட சொந்த ப்ரோட்டீன்களும் இப்படி நுழையும், நிக்கல் காலம்ல ஹிஸ்டிடின்ங்கிற அமினோ அமிலம் நிறைய இருக்குற எதுவும் ஒட்டிக்கும், மெம்பரேன் ப்ரோட்டீன் செய்யுறவங்களுக்கு ஏசிஆர்-பிங்கிற (AcrB) ஈ கோலை ப்ரோட்டீன் ஒரு தீராத தொல்லை, நம்ம ப்ரோட்டீன் 95 சதவீதம் சுத்தமா இருந்தாலும் மிச்சம் இருக்குற அஞ்சு சதவீதம் அழகா கிரிஸ்டல் ஆகிட்டுப் போயிடும். சிசிபி4 சாஃப்ட்வேர் தொகுப்பு கூட வர்ற சிம்பாட் இந்த செல் தேடலையும் தெரிஞ்ச கலப்படங்களையும் தானாவே ஓட்டிப் பார்க்கும். கலப்படத்தைத் தேட கான்டாமைனர்னு இன்னொண்ணும் இருக்கு. கைவசம் கிரிஸ்டல் மிச்சம் இருந்தா டிராப்போட சேர்த்து குழியில வச்சிருக்குற ரிசர்வாயர் கரைசல்ல மூணு தடவ கழுவி, கரைச்சு, ஜெல்ல ஓட்டுங்க, மாஸ் ஸ்பெக் வசதி இருந்தா இன்னும் நல்லது.

அதுக்கும் ஒரு படி முன்னாடி உப்பு. பாஸ்பேட் பஃபர்ல ப்ரோட்டீனை வச்சுக்கிட்டு கால்சியம், ஜிங்க், மெக்னீசியம் இருக்குற கண்டிஷன்ல போட்டா பளபளன்னு கிரிஸ்டல் வரும், எல்லாம் உப்பு. ஊசியால தொட்டுப் பாருங்க, உப்பு கல்லு மாதிரி கெட்டியா நின்னு டக்குனு சத்தத்தோட உடையும், ப்ரோட்டீன் கிரிஸ்டல்ல பாதி தண்ணிதானே, அதனால நனைஞ்ச சீனிக்கட்டி மாதிரி பொலபொலன்னு போயிடும். டிரிப்டோஃபான் இருக்குற ப்ரோட்டீனா இருந்தா யூவி மைக்ராஸ்கோப்ல ஒளிரும். எக்ஸ்ரேல வச்சா சந்தேகமே இல்ல, உப்புன்னா தூரத்துல அங்கொண்ணு இங்கொண்ணு பலமான ஸ்பாட், ப்ரோட்டீன்னா நெருக்க நெருக்கமா வரிசை. இதைப் பார்க்காமலே நாலு மாசம் உப்பை ஆப்டிமைஸ் பண்ணவங்க எனக்குத் தெரியும்.

எந்தக் கரைசல்ல கிரிஸ்டல் வரும்னு பல கண்டிஷன் போட்டுத் தேடுற ஸ்கிரீனிங் பத்திக் கேக்குறவங்களுக்கு நான் நெய்யைத்தான் காட்டுவேன். வெண்ணெய் காய்ச்சி இறக்கி அப்படியே மெல்ல ஆறவிட்டா நெய் மணல் மணலா உறையும், எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சா வழவழன்னு கட்டி தட்டிப் போகும். கிரிஸ்டலும் அதேதான், அவசரப்படுத்துனா ஆயிரக்கணக்குல குட்டி குட்டியா பொரிஞ்சுடும், மெல்லப் போனா நாலஞ்சு நல்லதா வளரும். 1991-ல ஜான்காரிக்கும் கிம்மும் 50 கண்டிஷன் வச்சு ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் ஸ்கிரீனைக் கொண்டு வந்தாங்க, இப்ப 96 குழி ப்ளேட்ல அதோட பேரப் பிள்ளைங்க ஏகப்பட்டது கடையில கிடைக்குது, ஆனா பத்து ஸ்கிரீன் வாங்கிப் போடுறதைவிட ரெண்டு போட்டு அதை ஒழுங்காப் படிக்கிறது மேல். 96-ல பாதிக்கு மேல அழுக்கு மாதிரி வீழ்படிவு வந்தா ப்ரோட்டீன் ரொம்ப அடர்த்தி, கிட்டத்தட்ட எல்லாமே தெளிவா நின்னா அடர்த்தி போதலை. ஒரு குறிப்பிட்ட பிஹெச்லயோ ஒரு குறிப்பிட்ட உப்புலயோ மட்டும் எல்லாம் அழுக்காகுதுன்னா அது ப்ரோட்டீன் நம்மகிட்ட சொல்லுற செய்தி, எழுதி வைங்க. தெளிவா இருக்கிற டிராப்பைத் தூக்கிப் போடாதீங்க. எங்கேயாவது கேவலமா ஒரு ஊசிக்கொத்து வந்திருந்தாலும் அதை நசுக்கி விதையாக்கி மொத்த ஸ்கிரீன்லயும் தூவிப் பாருங்க, ஒண்ணுமே வராத குழியில கிரிஸ்டல் வந்து நிக்கும், என் கண்ணால பல தடவ பார்த்தது.

எங்க ஊருக்குன்னே ஒரு பிரச்சனை இருந்துச்சு, லோட்ஷெடிங், அதாவது முறை வச்சு கரண்ட்டை நிறுத்துறது. அது கடுமையாகி ஸ்டேஜ் 6 ஓடுன நாள்ல ஒரு நாளைக்குப் பல தடவ கரண்ட் போகும், அதுவும் பிப்ரவரி மாச டர்பன் புழுக்கத்துல. 20 டிகிரில வச்சிருந்த என்னோட இன்குபேட்டர் கரண்ட் போய் வந்து போய் வந்து 27 வரைக்கும் ஏறி இறங்கியிருக்கு, ப்ளேட் மூடியில எல்லாம் தண்ணி கோத்து நிக்குது, முந்தின வாரம் பார்த்து வச்சிருந்த மூணு நல்ல கிரிஸ்டல் கரைஞ்சு, திரும்ப ஆறும்போது ஊசி மழையா வந்திருந்துச்சு. எனக்கு அது உடனே புரியலை, அதே கண்டிஷனைத் திரும்பத் திரும்பப் போட்டு ஏன் பழைய மாதிரி வர மாட்டேங்குதுன்னு ஒரு மாசம் தவிச்சேன், கிரிஸ்டல் வரவைக்கப் போடுற பெக் (PEG) பாட்டில் பழசாயிடுச்சோன்னு புதுசு வாங்கினேன், பஃபரை மாத்தினேன். கடைசில ஒரு மின்மேக்ஸ் தெர்மாமீட்டரை உள்ள வச்சப்பதான் தெரிஞ்சுச்சு. இப்ப ப்ளேட்டெல்லாம் கனமான தெர்மாகோல் பெட்டிக்குள்ள, சுத்தி நாலஞ்சு லிட்டர் தண்ணி பாட்டில், அந்தப் பெட்டி இன்குபேட்டருக்குள்ள. ரெண்டு மூணு மணி நேரம் கரண்ட் போனாலும் தண்ணி சூட்டை ஏத்தவிடாம பிடிச்சு வச்சுக்கும், செலவுன்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. தமிழ்நாட்டுல, மொரீஷியஸ்ல இருந்து படிக்கிறவங்களுக்கும் இது உதவும்.

ஈரக்காத்தோட அடுத்த வேலை ஐஸ். ஆப்பிரிக்கா கண்டத்துலயே பலமான எக்ஸ்ரே குடுக்குற சின்க்ரோட்ரான் இன்னும் கிடையாது, நாங்க கிரிஸ்டலை லிக்விட் நைட்ரஜன்ல உறைய வச்சு, நைட்ரஜன் குளிரைப் பிடிச்சு வைக்கிற ட்ரை ஷிப்பர்ல போட்டு, பிரான்ஸ்ல கிரெனோபிளுக்கு அனுப்பிட்டு, இங்க உக்காந்து ரிமோட்ல டேட்டா எடுக்குறோம். அதனால கிரிஸ்டலை லூப்ல (குட்டி வளையம்) எடுக்குற அந்த ரெண்டு செகண்ட்ல நடக்குற தப்பு ஆறேழு வாரம் கழிச்சு, எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளிதான் தெரியும். கிளிசரால் 20, 25 சதவீதம் சேர்க்காம உறைய வச்சா 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம்ல மூணு வளையம் வந்து நிக்கும், அது உள்ள உறைஞ்ச ஐஸ். வளையமா இல்லாம அங்கங்க ஸ்பாட்டா பலமா தெறிச்சிருந்தா அநேகமா வெளியில படிஞ்ச பனி, அதாவது ஏசி இல்லாத ரூம்ல நைட்ரஜன் பாத்திரத்தைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பார்த்தது. பாத்திரத்தோட விளிம்பு வரைக்கும் நைட்ரஜனை நிரப்பிக்கிட்டே இருங்க, அதுல வெள்ளையா துகள் மிதக்க ஆரம்பிச்சா யோசிக்காம கொட்டிட்டு புதுசு ஊத்துங்க. ஷிப்பரை நிரப்பினதும் எடை போடுங்க, ஒரு நாள் வச்சிருந்து திரும்பப் போடுங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு குறையுதுன்னு தெரிஞ்சாத்தான் கஸ்டம்ஸ்ல நாலு நாள் நின்னா தாங்குமான்னு கணக்குப் போட முடியும்.

இனி சாஃப்ட்வேர். ஸ்பாட்டை அளந்து டேட்டாவாக்குற எக்ஸ்டிஎஸ்ல எல்லாரும் பயப்படுற மெசேஜ், இண்டெக்ஸ் ஆன ஸ்பாட் 50 சதவீதத்துக்குக் கம்மின்னு சொல்லி நின்னுடும். முதல்ல ஃப்ரேமை, அதாவது எக்ஸ்ரே படத்தை, திறந்து கண்ணால பாருங்க, ஒண்ணு, அப்புறம் 90 டிகிரி தள்ளி இன்னொண்ணு. ரெண்டு கிரிஸ்டல் ஒட்டியிருந்தா அங்கேயே தெரிஞ்சிடும். கிரிஸ்டல் நல்லா இருந்தும் இண்டெக்ஸ் ஆகலைன்னா பீம் சென்டரையும் டிடெக்டர் தூரத்தையும் சந்தேகப்படுங்க, அந்த சென்டரைச் சொல்லுற ஓர்க்-எக்ஸ் ஓர்க்-ஒய் நம்பர் கொஞ்ச பிக்ஸல் தள்ளி இருந்தாக்கூட இண்டெக்ஸிங் ஒரு வரிசை தள்ளிப் போயிடும். செல் மட்டும் சரியா வந்து மத்த புள்ளிவிவரம் எல்லாம் நாசமா இருந்தா அது அநேகமா அந்தக் கேஸ்தான்.

ஸ்பேஸ் குரூப்பை, அதாவது கிரிஸ்டலோட சமச்சீர் வகையை, முதல் நாளே முடிவு பண்ணிக் கட்டிக்காதீங்க. பி-41212-வும் பி-43212-வும் டேட்டாவைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது, கண்ணாடி பிம்பம் மாதிரி, ஃபேசரை ரெண்டுலயும் தேடச் சொல்லணும். மாடலைத் திருத்துற ரிஃபைன்மென்ட்ல, ஒதுக்கி வச்ச டேட்டாவோட (ஃப்ரீ செட்) மாடல் எவ்வளவு பொருந்தலைன்னு சொல்லுற ஆர்-ஃப்ரீ முப்பது சதவீதத்துக்கு மேலயே முரண்டு பிடிச்சு நிக்குதுன்னா எக்ஸ்ட்ரியாஜ் ப்ரோகிராம்ல எல்-டெஸ்ட்டைப் பாருங்க, ட்வின்னா, அதாவது ரெண்டு கிரிஸ்டல் ஒண்ணோட ஒண்ணு பின்னினதா இருக்கலாம். ஆர்-ஃப்ரீயைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், 1992-ல புருங்கர் அதைக் கொண்டு வந்ததே நம்மள நாமே ஏமாத்திக்கக் கூடாதுன்னுதான், அதே கிரிஸ்டல் ஃபார்ம்ல அடுத்த டேட்டா எடுக்கும்போது பழைய ஃப்ரீ செட்டையே கொண்டு வந்து போடுங்க, புதுசா ஒண்ணு உருவாக்கினா மாடல் ஏற்கனவே பார்த்த ரிஃப்ளெக்ஷனெல்லாம் அதுல கலந்துடும், நம்பர் அழகா இறங்கும், அர்த்தம் இருக்காது.

ப்ரோட்டீன் வடிவத்தைக் கணிச்சுச் சொல்லுற ஆல்ஃபாஃபோல்டு வந்தப்புறம் மாலிகுலர் ரீப்ளேஸ்மென்ட் (ஃபேசர் செய்யுற அந்தப் பொருத்திப் பார்க்குற வேலை) ரொம்ப சுலபமாயிடுச்சு, உண்மைதான், ஆனா அதுல பி-ஃபேக்டர் இருக்க வேண்டிய இடத்துல நம்பிக்கை மதிப்பெண் இருக்கும், ரெண்டும் நேர் எதிர். பி-ஃபேக்டர் கூடினா அந்த இடம் ஆடுதுன்னு அர்த்தம், இதுல கூடினா அந்த இடம் உறுதின்னு அர்த்தம். மாத்தாம அப்படியே ஃபேசர்ல போட்டா நல்ல பகுதியைத் தள்ளிட்டு தொங்கட்டானைப் பிடிச்சுக்கிட்டுத் தேடும். ஃபீனிக்ஸ் சாஃப்ட்வேர்ல இதை மாத்திக் குடுக்க கருவி இருக்கு, மதிப்பெண் கம்மியான வாலையும் லூப்பையும் அதுவே வெட்டிடும்.

கடைசியா கூட் (Coot) ப்ரோகிராம்ல உக்காந்து மாடலைச் சரி பண்ணும்போது ப்ரோட்டீன் சங்கிலி எந்தெந்தக் கோணத்துல மடங்கலாம்னு காட்டுற ராமச்சந்திரன் ப்ளாட்டைத் திறப்பீங்க இல்லையா, 1963-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில இருந்து வந்தது அது, ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் சேர்ந்து போட்ட கணக்கு. நான் முதல் தடவ அந்தத் தம்பிகிட்ட இதைச் சொன்னப்ப, மெட்ராஸா, எங்க ஆளுங்க கப்பல் ஏறுன ஊரா அக்கான்னு கேட்டான். ஆமா, 1860-ல இந்தியக் கூலித் தொழிலாளர்களை முதல்ல டர்பனுக்குக் கொண்டு வந்த ட்ரூரோ கப்பல் கிளம்புனது அங்க இருந்துதான். ஆரன் க்ளூக் இதே டர்பன்ல பள்ளிக்கூடம் படிச்சு, கேப்டவுன்ல எக்ஸ்ரே கிரிஸ்டலோகிராஃபி கத்துக்கிட்டு, 1982-ல நோபல் வாங்குனவர்ங்கிறதையும் அன்னைக்குத்தான் அவனுக்குச் சொன்னேன். ப்ளாட்டுக்கு வெளியில ஒரு புள்ளி நின்னா அதை உள்ள தள்ளுறதுக்காக மாடலை வளைக்காதீங்க, டேட்டாவுல இருந்து வர்ற எலக்ட்ரான் மேப்பைப் பாருங்க, மேப் தெளிவா அங்கதான் இருக்குன்னு சொன்னா அது அங்கேயே இருக்கட்டும், பல சமயம் என்ஸைமோட முக்கியமான இடமே அதாத்தான் இருக்கும்.

தம்பி திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சான். லைசோசைம் இல்லாம சோனிகேட்டர்ல மட்டும் உடைச்சு, நிக்கல் காலத்தைக் கூடுதலா ரெண்டு தடவ கழுவி, அதுல ஒட்ட வைக்கிற ஹிஸ் டேகை வெட்டிட்டு அதே காலம்ல மறுபடி ஓட்டி. பதினோரு வாரம் ஆச்சு. தெளிவா நின்ன டிராப்ல விதை தூவுனதுல சின்னதா தகடு மாதிரி வந்திருக்கு, ஊசியால தொட்டதும் பொலபொலன்னு போச்சாம், ராத்திரி ஃபோன் பண்ணிச் சொன்னான். ஆறு லூப் உறைய வச்சிருக்கோம். ஷிப்பர் திங்கக்கிழமை கிளம்புது, நாளைக்குக் காலையில அவன் வந்ததும் ரெண்டாவது தடவ எடை போடணும்.