கருவண்டு கத்தரிப் பூவில் என்ன செய்கிறது?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கத்தரிப் பூவின் படம் அனுப்பியிருக்கிறார். பூவின் நடுவே இருக்கும் மஞ்சள் கூம்பில் பழுப்பாக நாலைந்து கீறல்கள். "காலையில கருவண்டு வந்து பூவைக் கடிச்சிட்டுப் போகுது சார். பூவும் கொட்டுது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறார்.

எதுவும் அடிக்க வேண்டாம். அந்தக் கீறல் நல்ல சேதி.

பூ கொட்டுவதை முதலில் முடித்துவிடுவோம். கத்தரிக் கொத்தில் எல்லாப் பூவும் காயாகாது. ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் கூம்பைத் தாண்டிப் பச்சைக் குமிழ் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது காய் பிடிக்கும் பூ. அந்தக் குமிழ்தான் சூலகமுடி, காய் பிடிக்க மகரந்தம் வந்து ஒட்ட வேண்டிய இடம். கூம்பின் உயரத்துக்கு இருந்தாலும் பிடிக்கும். கூம்புக்குள்ளேயே புதைந்து கிடந்தால் அது மகரந்தம் தருவதற்கு மட்டுமே பூத்தது, உதிரத்தான் செய்யும். செடியில் காய்ச்சுமை ஏற ஏறக் குட்டைப் பூக்கள் கூடும். சத்துக் குறைந்தாலும் கூடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தமே கெட்டுப்போவதால் நல்ல பூவும் விழும். இதையெல்லாம் கண்ணேறு என்று நினைத்துத் திருஷ்டிப் பொம்மை நடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொம்மையால் செடிக்குக் கெடுதல் இல்லை. அந்தக் காசில் இரண்டு கூடை தொழுவுரம் வாங்கிப் போட்டால் செடி சந்தோஷப்படும், அவ்வளவுதான்.

சரி, வண்டுக்கு வருவோம். கத்தரிப் பூவில் தேன் கிடையாது. வருகிறவருக்குக் கொடுக்க அதனிடம் இருப்பது மகரந்தம் மட்டும். அதையும் பூட்டி வைத்திருக்கிறது. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூள் வெளியே தெரியும். கத்தரியில் அந்த மஞ்சள் கூம்புதான் மகரந்தப்பைகள். பை மூடியே இருக்கும். நுனியில் மட்டும் பொடித் துளைகள். விரலால் தடவினால் ஒன்றும் ஒட்டாது.

கருவண்டு என்று நாம் சொல்வது மரத்தைக் குடைந்து கூடு வைக்கும் ஒரு பெரிய தேனீ. அது பூவில் தொங்கி, மஞ்சள் கூம்பைக் கட்டிக்கொள்கிறது. அடுத்து நடப்பதுதான் அழகு. தேனீயின் பறக்கும் தசைகள் நேரடியாக இறக்கையை இழுப்பதில்லை. அவை மார்புக்கூட்டை நெளிக்கின்றன. கூடு நெளிவதால் இறக்கை அடிக்கிறது. ஆகவே இறக்கையை முதுகில் மடக்கி வைத்துக்கொண்டு தசையை மட்டும் இயக்கவும் தேனீயால் முடியும். அப்போது உடம்பு மொத்தமும் நொடிக்குச் சில நூறு தடவை அதிர்கிறது. காதாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம்: பறக்கும்போது கனமாக இருக்கும் ரீங்காரம், பூவைப் பிடித்ததும் சட்டென்று கீச்சுக்குரலாக உயரும்.

அந்த அதிர்வு மகரந்தப்பையின் சுவருக்குப் போகிறது. உள்ளே இருக்கும் தூள் காய்ந்தது, பிசுபிசுப்பு இல்லாதது. கேரம் பலகையின் நான்கு ஓரங்களும் விடாமல் அதிர்ந்தால் காய்கள் என்ன ஆகும்? ஓரத்தில் மோதும்போதெல்லாம் வேகம் ஏறி, ஏதாவதொரு குழிக்குள் போய் விழும். மகரந்தத்துக்கு அந்தக் குழி, நுனித் துளை. மகரந்தத் துகள்களைச் சிறு பந்துகளாகப் பாவித்து பக்மன், ஹர்லி என்ற இருவர் 1978இல் இதற்கு இயற்பியல் கணக்கே போட்டுக் காட்டினார்கள். பூ கவிழ்ந்திருப்பதால் வெளியேறும் தூள் நேரே தேனீயின் வயிற்றில் கொட்டுகிறது. பறந்து பறந்து மின்னேற்றம் பெற்ற உடம்பு என்பதால் நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் அந்த வயிற்றில் முதலில் இடிப்பது நீட்டிக்கொண்டிருக்கும் பச்சைக் குமிழ். நெட்டைக் குமிழ்ப் பூ ஏன் காய்க்கிறது என்பது இப்போது புரியும்.

வழுக்காமல் இருக்கத் தாடையால் கவ்வுவதன் தழும்புதான் அந்தப் பழுப்புக் கீறல். வெளிநாட்டுக் கண்ணாடிக் குடில்களில் தக்காளி வளர்ப்பவர்கள், தேனீ வேலைக்கு வந்ததா என்று இந்தத் தழும்பைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் நீலப்பட்டைத் தேனீ ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், தக்காளிப் பூவை நொடிக்கு 350 தடவை தலையால் முட்டுகிறது!

பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அதனால் கத்தரிக்காகத் தேனீப் பெட்டி வாங்கினால் பெரிய பலன் இருக்காது. தேனீ என்றாலே தேன், தேன் என்றாலே பெட்டி, பெட்டிக்குத்தான் மானியம் என்றே நாம் யோசிக்கிறோம். தேன் தராத தேனீக்களின் கூடுகளைக் கணக்கெடுக்க ஒரு மாணவருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன? என் ஆதங்கம் இது.

தோட்டத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. காற்றில் ஆடினாலே கத்தரி ஓரளவு காய்க்கும். அதிரவைக்கும் தேனீ வந்தால் காய்ப்பு கூடும். வரப்பில் ஆவாரை இருந்தால் வெட்டாதீர்கள். அதுவும் தேனில்லாத, அதிர்த்தால் மட்டும் மகரந்தம் தரும் பூ. எருக்கில் கருவண்டுக்குத் தேன் கிடைக்கும். காய்ந்த மூங்கிலும் பட்டுப்போன கிளையும் அதற்கு வீடு. நம் ஊரிலும் இருக்கும் நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும், ஆகவே ஒரு வரப்பையாவது கொத்தாமல் விடுங்கள். காய்த்துளைப்பான் புழுவுக்கு, வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பதும் பெண் அந்துப்பூச்சியின் வாசனை காட்டி ஆணைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வைப்பதும் முதல் வேலை. மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீ திரும்பிப் போன பிறகு, சாயங்காலம் அடிக்கலாம். மாடித்தோட்டக்காரர்கள் பேட்டரி பல் துலக்கியைப் பூக்காம்பில் வைத்துப் பார்க்கலாம். கீழே ஒரு கறுப்புத் தாளைப் பிடித்தால் மஞ்சள் தூள் கொட்டுவது தெரியும்.

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரி போடுகிறவர்களுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் அது. தேனீக்கு ரகம் தெரியாது. பக்கத்துக் கொல்லையில் ஒட்டுரகம் இருந்தால் அந்த மகரந்தத்தையும் சேர்த்தே கொண்டுவரும். காய் மாறாது, ஆனால் விதை கலந்துவிடும். சான்று விதைக்கு வேறு ரகத்திலிருந்து 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்த அளவுக்கு இடமில்லாதவர்கள் விதைக்கு விடும் கொத்தை, பூ விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டி, விரிந்த பின் தினம் காலையில் காம்பைச் சுண்டிவிடலாம். பிஞ்சு தெரிந்ததும் பையை அவிழ்த்துவிட்டு, அடையாளத்துக்குக் காம்பில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காயும் பறிப்பில் சந்தைக்குப் போய்விடும்.