அக்கவுண்டபிலிட்டி என்றால் பொறுப்புடைமையா?

குழுத் தலைவர்களுக்கான ஒரு பயிற்சிக் கையேட்டின் தமிழ் வரைவு அண்மையில் என்னிடம் சரிபார்க்க வந்தது. நடுவில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே யார் என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பதற்கு நான்கு பத்திகள். நிர்வாகப் பயிற்சிக்குப் போனவர்கள் இதை 'ரேசி' அட்டவணை என்பார்கள். ரெஸ்பான்சிபிள், அக்கவுண்டபிள், கன்சல்ட்டட், இன்ஃபார்ம்டு என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. தமிழ் வரைவில் முதல் பத்திக்குத் தலைப்பு 'பொறுப்பாளர்'. இரண்டாவதற்கு 'பொறுப்புடையவர்'.

வேலையைச் செய்பவர்கள் ஒரு பக்கம், அது என்ன ஆயிற்று என்று பதில் சொல்ல வேண்டியவர் மறுபக்கம். இந்த இரண்டு தரப்பையும் பிரித்துக் காட்டத்தான் அந்த அட்டவணையே இருக்கிறது. முதல் பத்தியில் பத்துப் பெயர் இருக்கலாம். இரண்டாவதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழில் படிப்பவருக்கு அந்த விதி ஏன் என்றே புரியாது. பொறுப்பாளரும் பொறுப்புடையவரும் வேறு வேறு ஆள் என்று எந்தத் தமிழர் நினைப்பார்?

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பு, 'பொறு' என்ற வினையடியில் பிறந்தது. பொறுத்தல் என்றால் தாங்குதல். பொறை என்றால் சுமை, பொறுமை என்றும் பொருள். ஆக, பொறுப்பு என்பது தோளில் ஏற்றிக்கொள்வது. அக்கவுண்டபிலிட்டி, பழைய பிரெஞ்சு வழியாக 'எண்ணுதல், கணக்கிடுதல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கும் வேர் அதுதான். ரெஸ்பான்சிபிலிட்டியின் லத்தீன் வேருக்குத்தான் 'பதில் தருதல்' என்ற பொருள். வேரை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் இரண்டும் இடம் மாறிப் போகும். இன்றைய ஆங்கில வழக்கில் ரெஸ்பான்சிபிலிட்டி வேலையைச் சுமப்பது, அக்கவுண்டபிலிட்டி அந்த வேலை என்ன ஆயிற்று என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது. நமக்கு வேண்டியது இந்த வழக்குதான்.

சரி, பொறுப்புடைமைக்கு வருவோம். அரசு ஆவணம், கட்டுரை, மேடை என்று எங்கும் அக்கவுண்டபிலிட்டிக்கு இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, தூய தமிழ், இலக்கணப் பிழையும் இல்லை. பொருள்தான் தவறு. 'உடைமை' என்ற ஈறு தமிழில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அன்புடைமை, அடக்கமுடைமை, ஒழுக்கமுடைமை, பொறையுடைமை, அருளுடைமை, அறிவுடைமை. குறளின் அதிகாரத் தலைப்புகளே போதும். எல்லாம் ஒருவரிடம் இருக்கும் குணங்கள். அன்புடைமை இருக்கிறதா என்று என்னைப் பார்த்தே சொல்லிவிடலாம். இன்னொருவர் வந்து கேள்வி கேட்கத் தேவையில்லை. பொறுப்புடைமையும் அப்படித்தான், பொறுப்புள்ள குணம். நல்ல பிள்ளை, பொறுப்பான பிள்ளை என்கிறோமே, அதன் பெயர்ச்சொல்.

அக்கவுண்டபிலிட்டி குணமே இல்லை. அது இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் உறவு. ஒருவர் கேட்க வேண்டும், ஒருவர் சொல்ல வேண்டும். கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஒருவர் எவ்வளவு பொறுப்பானவராக இருந்தாலும் அங்கே அக்கவுண்டபிலிட்டி கிடையாது. அதே போல, கொஞ்சமும் பொறுப்பில்லாத ஒருவர்கூடப் பதில் சொல்லக் கடமைப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். 'நிர்வாகத்தில் பொறுப்புடைமை வேண்டும்' என்று எழுதும்போது, அதிகாரிகள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையாக அது சுருங்கிவிடுகிறது. கேட்பவரின் உரிமை அந்தச் சொல்லிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இந்த வேறுபாட்டுக்கு நம் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே வெள்ளத்தில் பாலம் சேதமாகி ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை, வண்டியை அவர் ஓட்டவில்லை. விலகலை ஏற்றுக்கொண்ட நேருவும் விபத்துக்கு அவர் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் துறைக்காக நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இதைப் 'பொறுப்புடைமை' என்று எழுதினால் சாஸ்திரி நல்ல மனிதர் என்பது மட்டும்தான் தெரிகிறது. அவர் யாருக்குப் பதில் சொன்னார் என்பது விட்டுப்போகிறது.

இலங்கைத் தமிழில் 'பொறுப்புக்கூறல்' நிலைத்துவிட்டது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே இந்தச் சொல் வராத நாளிதழே இருந்திருக்காது. அதை மதிக்கிறேன், ஏனென்றால் 'கூறல்' என்று வந்ததுமே கேட்க ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை. தமிழில் பொறுப்பை ஏற்கலாம், ஒப்படைக்கலாம், தட்டிக்கழிக்கலாம். பொறுப்பை யாரும் 'கூறுவதில்லை'. கூறுவது பதில், கூறுவது கணக்கு.

ஒரு காலத்தில் நம்மிடம் ஜவாப்தாரி என்ற சொல் இருந்தது. 'அதுக்கு நான் ஜவாப்தாரி இல்லை' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஜவாப் என்றால் பதில், அரபுச் சொல். தெலுங்கில் இன்றும் அக்கவுண்டபிலிட்டிக்கு 'ஜவாபுதாரிதனம்' என்பதுதான் வழக்கு. நாம் அதை விலக்கியதில் எனக்கு வருத்தமில்லை. விலக்கிவிட்டுப் 'பொறுப்பாளி' என்று போட்டோம் பாருங்கள், அதில்தான் வருத்தம். ஜவாப்தாரிக்குள் இருந்த பதில், பொறுப்பாளிக்குள் இல்லை. வேற்றுமொழி ஒலி போனதோடு பொருளும் சேர்ந்து போயிற்று. 'பதிலாளி' என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

இதற்கெல்லாம் நான் பரிந்துரைப்பது எளிமையானது: பதில்சொல்லும் கடமை. நீளமாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், கேட்டவுடன் புரிகிறது. ஒரே சொல்லாகத்தான் வேண்டுமென்றால் 'கணக்கொப்புவிப்பு' இருக்கிறது. 'கணக்கொப்புவித்தல்' விவிலியத் தமிழில் இதே பொருளில்தான் வருகிறது. அக்கவுண்ட் என்ற வேருக்கும் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இதே கையேட்டில் இன்னும் இரண்டு இடம். 'பர்சனல் ரெஸ்பான்சிபிலிட்டி' என்பதற்குத் 'தனிப்பட்ட பொறுப்பு' என்று இருந்தது. தனிப்பட்ட காரணங்களுக்காக விடுப்பு என்கிறோம். அங்கே தனிப்பட்ட என்றால் அடுத்தவர் தலையிடக் கூடாதது. குழுத் தலைவரிடம் 'இது உங்கள் தனிப்பட்ட பொறுப்பு' என்றால் வீட்டு விஷயம் போல ஒலிக்கும். 'தானே ஏற்கும் பொறுப்பு' என்று மாற்றினேன்.

அப்புறம் ஓனர்ஷிப். 'வேலையில் உரிமை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். உரிமை எடுத்துக்கொள்வது என்றால் தமிழில் அளவுக்கு மீறி நெருக்கம் காட்டுவது. ஆனால் உரிமை என்ற சொல்லில் குறை இல்லை. 'வினைக்குரிமை' என்றே குறளில் இருக்கிறது. ஒரு வேலைக்கு உரியவர் யார் என்று ஆராய்ந்து, பிறகு அவரையே அதற்கு உரியவராக ஆக்கு என்கிறது தெரிந்து வினையாடல் அதிகாரம். ஆக, உரியவராக்குவது தலைவரின் வேலை. உறுப்பினர் தானாக எடுத்துக்கொள்ளும் பொருள் இல்லை அது. மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில வினையைப் பிடித்துக்கொண்டு தமிழ் வினையைக் கோட்டைவிடுகிறார்கள். எடுத்துக்கொள், வைத்திரு, செய்ய வை என்று ஆங்கிலம் எதைச் சொன்னாலும் அப்படியே இறக்கிவிடுகிறார்கள். 'ஹோல்ட் அக்கவுண்டபிள்' என்பது 'பொறுப்பாக்குதல்' ஆனதும் இப்படித்தான். 'ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு' என்று நாம் சொல்வது பழி போடத்தான். அந்த மொழியில் பயிற்சி பெற்ற தலைவர், தவறு நடந்ததும் பழி போட ஆள் தேடுவார். 'பதில் கேளுங்கள்' என்று எழுதியிருந்தால் முதலில் என்ன நடந்தது என்று கேட்பார்.

அட்டவணையில் முதல் பத்திக்கு 'செய்பவர்கள்' என்று பன்மையில் தலைப்புக் கொடுத்தேன். இரண்டாவதற்கு 'பதில் சொல்பவர்' என்று ஒருமையில். ஒரே ஒரு பெயர்தான் எழுத வேண்டும் என்று கீழே இருந்த அடிக்குறிப்பு அதன்பின் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன்.