ஜீப்பில் கூடுதல் விளக்குகள்: மோட்டார் வாகன விதிகள் எதை அனுமதிக்கின்றன, எதைத் தடுக்கின்றன

மலைப்பாதையிலும் கரடுமுரடான தடங்களிலும் ஓட்டுவதற்காகத் தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களை வாங்குவோரில் பலர், வண்டி கைக்கு வந்ததும் முதலில் மாற்ற நினைப்பது விளக்குகளைத்தான். பம்பரின் மேல் இரண்டு சிறிய எல்.இ.டி. விளக்குகள், கூரையின் முன்விளிம்பில் ஒரு நீண்ட லைட் பார், கண்ணாடித் தூணின் அடியில் பக்கவாட்டில் ஒளி வீசும் ஒரு ஜோடி என்று துணைக்கருவிக் கடைகளில் எல்லாம் கிடைக்கின்றன. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், "ஊருக்குள் போடாதீர்கள், மேலே உறை மாட்டிவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்ற பதில் வழக்கமாகக் கிடைக்கிறது. இந்திய விதிகளைப் பொறுத்தவரை இந்தப் பதில் தவறானது. ஏன் தவறு என்பதையும், விதிக்குள் நின்றுகொண்டே இரவு ஓட்டத்துக்குப் போதுமான வெளிச்சத்தைப் பெறுவது எப்படி என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

வாகன விளக்குகளைக் கட்டுப்படுத்துவது முதன்மையாக 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். இவை நாடு முழுவதற்கும் பொதுவானவை. அவற்றுள் மூன்று விதிகளை வாகன உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். விதி 105, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும் போதிய வெளிச்சம் இல்லாத மற்ற நேரங்களிலும் பொது இடத்தில் ஓட்டப்படும் வாகனத்தின் முகப்பு விளக்குகள், முன்னால் 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆட்களையும் வாகனங்களையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது. கார், ஜீப் வகைகளுக்கு முகப்பு விளக்குகள் இரண்டு அல்லது நான்கு என்றும் வரையறுக்கிறது. விதி 106, முன்னோக்கி ஒளி வீசும் எந்த விளக்கும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்பதை அளவுகளோடு சொல்கிறது. விதி 111, ஸ்பாட் லைட், சர்ச் லைட் ஆகியவற்றைப் பற்றியது. விதிவிலக்கான சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி பெற்றால் தவிர, எந்த வாகனத்தின் முன்புறத்திலும் அத்தகைய விளக்கைப் பொருத்தக் கூடாது என்பது அதன் சாரம்.

இந்த மூன்றாவது விதியின் சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். அது விளக்கை எரிப்பதைத் தடை செய்யவில்லை. வாகனத்தின் முன்புறத்தில் வைப்பதையே தடை செய்கிறது. ஆகவே, நெடுஞ்சாலையில் அணைத்து வைத்திருந்தேன், கறுப்பு உறை போட்டு மூடியிருந்தேன் என்ற வாதங்கள் சோதனையில் நிற்கும் அதிகாரியிடம் செல்லாது. உறை போட்டால் போதும் என்ற எண்ணம் வேறு நாடுகளின் சட்டங்களிலிருந்து இங்கே பரவியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், சாலைக்கு வெளியே பயன்படுத்துவதற்காக எட்டு விளக்குகள் வரை பொருத்திக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் பொதுச் சாலையில் செல்லும்போது அவை ஒளி ஊடுருவாத மூடியால் மூடப்பட்டு அணைக்கப்பட்டிருக்க வேண்டும், அவற்றின் மின்இணைப்பு மற்ற விளக்குகளின் இணைப்பிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. அத்தகைய தெளிவான ஏற்பாடு இங்கும் வந்தால், தோட்டங்களிலும் மீட்புப் பணிகளிலும் வாகனம் ஓட்டுவோருக்குப் பெரிய உதவியாக இருக்கும். அது வரும்வரை, உறை ஒரு பாதுகாப்பு அல்ல.

அப்படியானால் எதையும் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். முதல் வாய்ப்பு பனிமூட்ட விளக்கு, அதாவது ஃபாக் லைட். நான்கு சக்கர வாகனங்களில் விளக்குகள் எங்கே, எப்படிப் பொருத்தப்பட வேண்டும் என்பதை வகுக்கும் ஏ.ஐ.எஸ். 008 என்ற வாகனத் தொழில் தரநிலை, முன்புறப் பனிமூட்ட விளக்குகளை விருப்பத்துக்குரிய விளக்காக ஏற்கிறது. அவை ஒரு ஜோடியாக, வெள்ளை அல்லது குறிப்பிட்ட மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. லோ பீம், அதாவது அருகில் தாழ்வாக ஒளி வீசும் முகப்பு விளக்கின் உயரத்தைத் தாண்டி மேலேயும் போகக் கூடாது. முகப்பு விளக்கைச் சாராமல் தனியே போடவும் அணைக்கவும் முடிய வேண்டும். இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 009 என்ற தனித் தரநிலை உண்டு. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகத் திரும்பும்போது ஓட்டுநருக்கு உண்மையில் தேவைப்படுவது சாலையோரத்தையும் பள்ளத்தின் விளிம்பையும் காட்டும் அகலமான, தாழ்வான ஒளி. அதை நல்ல பனிமூட்ட விளக்கு தருகிறது. கூரையில் வைக்கும் லைட் பார், மூடுபனியில் ஒளியை வண்டியின் முன்னாலேயே சிதறடித்து, வெள்ளைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டது போல ஓட்டுநரின் பார்வையை மறைத்துவிடுகிறது.

விதி 106 தரும் அளவுகள் வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியவை. விளக்கின் முன்னால் 8 மீட்டர் தொலைவில், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறம் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்கு அந்த ஒளி கூசக் கூடாது. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் எதிரே வருபவர் நமக்கு வலப்புறம் வருகிறார். அதனால்தான் விதி வலப்புறத்தை அளவாக வைத்திருக்கிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வழக்கமான பளுவோடு, அந்த இடத்தில் ஒருவரை நிற்கச் சொல்லிப் பார்த்தால் விளக்கு சரியாகத் தாழ்த்தப்பட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்த அளவுகளைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டால் கூரை விளக்கின் குறைபாடு விளங்கும். கூரையில் 1.85 மீட்டர் உயரத்தில் பொருத்திய விளக்கின் ஒளிக்கற்றை, 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டுமானால், அதன் மேல்விளிம்பைக் குறைந்தது 2.5 பாகை கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்த்தால் அந்த மேல்விளிம்பே ஏறக்குறைய 42 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். தொலைவைக் காட்டுவதற்காக வாங்கிய விளக்கு அதற்கு மேல் எதையும் காட்டாது. பம்பரில் 70 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்த விளக்கை, 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறங்கும்படி சாய்த்தால், அதன் ஒளி 70 மீட்டர் வரை செல்லும். கண் உயரத்துக்கு ஒருபோதும் ஏறாது. எனவே கூசாமலும் இருக்க வேண்டும், தொலைவும் தெரிய வேண்டும் என்றால் விளக்கைத் தாழ்வாக வைப்பதே வழி.

நிலையாகத் தாழ்த்தப்படாத விளக்குக்கும் விதி 106 ஒரு வழி விட்டிருக்கிறது. ஓட்டுநர் டிப் செய்யும்போது, அதாவது ஒளியைத் தாழ்த்தும்போது, அந்த விளக்கும் தாழ வேண்டும், அல்லது அது அணைந்து, கூசாத விளக்கு ஒன்று எரிய வேண்டும். ஆகையால் ஹை பீமுக்கு, அதாவது தொலைவுக்கு வீசும் முகப்பு ஒளிக்கு, துணையாக எந்த விளக்கைச் சேர்த்தாலும், அதன் ரிலே என்னும் மின்சுவிட்சுக்கான தூண்டுதல் ஹை பீம் இணைப்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும். தனிச் சுவிட்சு மட்டும் வைத்து, எதிரே வண்டி வரும்போது கையால் அணைத்துக்கொள்ளலாம் என்று விடும் ஏற்பாடு விதிக்கும் பொருந்தாது, வளைவில் திடீரென எதிர்ப்படும் இருசக்கர ஓட்டுநரின் உயிருக்கும் உகந்ததல்ல. முகப்பு விளக்குகள் நான்கு வரை இருக்கலாம் என்று விதி 105 சொல்வதால், ஒப்புதல் பெற்ற ஒரு ஜோடி ஹை பீம் விளக்கைச் சர்ச் லைட்டாகக் கருத முடியாது என்று வாதிட இடம் இருக்கிறது. ஆயினும் சாலையில் நிறுத்தும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றக்கூடும். பதிவு அதிகாரியின் அனுமதியை எழுத்தில் பெற்றபின் பொருத்துவதே என் பரிந்துரை.

புதிய விளக்குக்குச் செலவிடும் முன், ஏற்கெனவே இருக்கும் முகப்பு விளக்கு தன் முழு வெளிச்சத்தைத் தருகிறதா என்று பாருங்கள். ஹாலஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தை மிகக் கூர்மையாகச் சார்ந்தது. பல்பின் முனையில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். மெல்லிய கம்பி, துருப்பிடித்த எர்த் இணைப்பு, பழைய சுவிட்சு ஆகியவை சேர்ந்து இந்த இழப்பை உண்டாக்குகின்றன. பேட்டரியிலிருந்து நேரடியாக, ஃப்யூஸும் ரிலேயும் வைத்து, தகுந்த தடிமனுள்ள கம்பியில் மின்சாரம் கொடுத்தாலே பழைய வண்டிகளில் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். மங்கி மஞ்சளித்த பாலிகார்பனேட் கண்ணாடியை மெருகேற்றுவதும், ஒளியின் சாய்வைச் சரிசெய்வதும் குறைந்த செலவில் முடியும் வேலைகள். எந்த விதியையும் தொடாத மேம்பாடு இதுவே என்பதால், முதலில் இதைச் செய்து, அதன் பிறகும் குறை இருந்தால் மட்டும் அடுத்ததை யோசிப்பது நல்லது.

பல்பை மாற்றுவதில் தவறுகள் அதிகம் நேர்கின்றன. பரவலாக உள்ள ஹெச்4 பல்பின் ஒப்புதல் பெற்ற அளவு 60/55 வாட். கடையில் கிடைக்கும் 100/90 வாட் பல்பு சாலைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல; அது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தால் பல்பு மாட்டும் ஹோல்டரும் கம்பியும் சூடேறி உருகுவதும் உண்டு. ஹாலஜனுக்காக வடிவமைத்த பிரதிபலிப்பானில் எல்.இ.டி. அல்லது ஹெச்.ஐ.டி. எனப்படும் வாயு மின்னிறக்கப் பல்பைச் செருகினால், ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறுவதால் லோ பீமின் தெளிவான மேல்விளிம்பு சிதைந்து, எதிரே வருபவரின் கண்ணுக்கு ஒளி சிந்துகிறது. ஓட்டுபவருக்குச் சாலை பளிச்சென்று தெரிவதால் இது முன்னேற்றமாகத் தோன்றுகிறது. விளக்கு எந்தப் பல்போடு சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றதோ அந்த நிலையில் இப்போது அது இல்லை என்பதே உண்மை. எல்.இ.டி. வேண்டுமென்றால், அதற்கென்றே வடிவமைத்து ஒப்புதல் பெற்ற முழு முகப்பு விளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

முன் அனுமதியைப் பற்றி விதி சுருக்கமாகவே பேசுகிறது. விதிவிலக்கான சூழ்நிலை எது என்று அது பட்டியலிடவில்லை. பேரிடர் மீட்பு, வனக் கண்காணிப்பு, பெரிய தோட்டங்களின் இரவுக் காவல் போன்ற தேவைகளை முன்வைப்பவர்கள், வாகனத்தின் பதிவு விவரம், விளக்கின் வகை, எண்ணிக்கை, பொருத்தும் இடம், பயன்படுத்தும் நோக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வாகனம் பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முன் அனுமதி என்பதால் பொருத்திவிட்டுப் பின்னர் கேட்பது பயன் தராது. பொழுதுபோக்குப் பயணம் விதிவிலக்கான சூழ்நிலையாக ஏற்கப்படும் என்று எதிர்பார்த்துப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

பொது இடம் என்பது பொதுமக்களுக்குச் சென்றுவர உரிமையுள்ள சாலை, தெரு, வழி ஆகியவற்றைக் குறிக்கும். முழுதும் தனியாருக்குச் சொந்தமான, வெளியார் நுழைய உரிமையற்ற தோட்டத்துக்குள் அல்லது பயிற்சித் திடலுக்குள் மட்டும் விளக்கு தேவைப்படுவோர், எளிதில் கழற்றக்கூடிய தாங்கியில் அங்கே பொருத்தி, வெளியே வரும் முன் கழற்றி வண்டிக்குள் வைத்துவிடுவது நடைமுறைக்கு ஏற்றது. காட்டுச் சாலைகள் அப்படி அல்ல. சரணாலயங்களில் விலங்குகளைத் தொல்லைப்படுத்துவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. வலுவான விளக்கை விலங்கின் மேல் பாய்ச்சுவது அந்தச் சட்டத்தின் நடவடிக்கையை வரவழைக்கக்கூடிய செயல். பந்திப்பூர், முதுமலை வழியாகச் செல்லும் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தே தடைபட்டிருக்கிறது. திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. கூடுதல் விளக்கு வாங்கக் காட்டுப் பயணத்தைக் காரணமாகச் சொல்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

விளக்கைத் தாங்குவதற்காகப் பம்பரின் முன் இரும்புக் கம்பி அமைப்பு, அதாவது புல் பார், பொருத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், இதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று கூறி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, உதிரிபாகங்களைப் பின்னர் சேர்ப்பது உட்பட, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதால், புல் பாரும் லைட் பாரும் தனித்தனி மாற்றங்களாக எண்ணப்பட இடமுண்டு. சுற்றுலா ஜீப் போன்ற வாடகை வாகனங்கள், முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியிருப்பதால், இத்தகைய மாற்றங்கள் அங்கேயும் தடையாகும்.

வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட வாட், லூமன் எண்களை நம்பாமல், விளக்கின் கண்ணாடியிலேயே பொறித்துள்ள ஒப்புதல் குறியைத் தேடுங்கள். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருப்பது ஐ.நா. விதிமுறைப்படி ஒப்புதல் பெற்ற விளக்கு. அதனருகே பி அல்லது எஃப்3 என்றிருந்தால் அது முன்புறப் பனிமூட்ட விளக்கு, ஹெச்.ஆர். என்றிருந்தால் ஹாலஜன் ஹை பீம் விளக்கு. இந்தியாவில் இத்தகைய ஒப்புதலுக்கான சோதனைகளைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐ.கேட் போன்ற அமைப்புகள் செய்கின்றன. சாலைப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பெட்டியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தால், பின்னர் பொறுப்பு முழுதும் வாங்கியவருடையது. ரசீதையும் ஒப்புதல் எண் தெரியும் புகைப்படத்தையும், அனுமதிக் கடிதம் பெற்றிருந்தால் அதன் நகலையும் பதிவுச் சான்றிதழோடு வண்டியில் வைத்திருங்கள். பொருத்திய துணைக்கருவியைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.