கிராவிட்டி: ஈர்ப்பா, புவியீர்ப்பா, கவர்ச்சியா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் 2019 இறுதித் தொடர், இரண்டாவது ஆட்டம். இடம் டொராண்டோ. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் கெவின் டுராண்ட் காயத்தால் ஆடவில்லை. நான்காம் கால்பகுதியில் கிளே தாம்சனும் தொடைத் தசை காயத்தோடு வெளியே போய்விட்டார். தூரத்திலிருந்து எறிந்தே எதிரணியை மிரட்டக்கூடியவர் என்று களத்தில் மிஞ்சியவர் ஸ்டெஃபன் கரி ஒருவர்தான். எதிரணியான டொராண்டோ ராப்டர்ஸின் பயிற்சியாளர் நிக் நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, தன் ஆட்டக்காரர்கள் நான்கு பேரைச் சதுரமாக நிறுத்தினார்; ஐந்தாமவரைக் கரிக்கு நிழலாக்கினார். கரி எங்கே போனாலும் அவர் பின்னாலேயே போக வேண்டும், வேறு வேலை கிடையாது. பாக்ஸ் அண்ட் ஒன் என்று இதற்குப் பெயர். தொழில்முறை ஆட்டத்தில் அரிதாகவே கண்ணில் படும் தடுப்பு இது.

கடைசி நொடிகளில் வாரியர்ஸ் இரண்டே புள்ளி முன்னால் இருந்தார்கள். பந்து கரியிடம். இரண்டு பேர் அவரை நெருக்குகிறார்கள். அவர் கையிலிருந்து பந்து எப்படியோ தப்பி சக ஆட்டக்காரர் ஷான் லிவிங்ஸ்டனுக்குப் போகிறது, அவரிடமிருந்து ஆந்த்ரே இகுவடாலாவுக்கு. இகுவடாலாவைச் சுற்றி ஆளே இல்லை. எறிகிறார், பந்து விழுகிறது. 109-104. கடிகாரத்தில் 5.9 நொடிதான் பாக்கி, ஆட்டம் முடிந்தது.

ஸ்கோர் தாளில் அந்த மூன்று புள்ளி இகுவடாலாவின் கணக்கு. பந்து கொடுத்த பெருமை லிவிங்ஸ்டனுக்கு. கரிக்கு எதுவும் இல்லை. ஆனால் ஒரு இறுதித் தொடரின் கடைசி நொடிகளில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு அப்பாலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) வெளியே ஒரு ஆட்டக்காரர் தனியாக நின்றது எப்படி? காவலுக்கு இருக்க வேண்டியவர்கள் கரியிடம் போய்விட்டார்கள். தாளில் பதியாத இந்த வேலைக்கு ஆங்கிலக் கூடைப்பந்து எழுத்தில் வைத்திருக்கும் பெயர்தான் ‘கிராவிட்டி’.

ஒரு ஆட்டக்காரர் பந்தை எறியாமலே, சில நேரம் பந்தைத் தொடாமலே, எதிரணித் தடுப்பாளர்களைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும் திறன். களத்தில் இதன் பொருள் இவ்வளவுதான். இதை எப்படித் தமிழில் சொல்வது என்று பார்க்குமுன் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்துவிடலாம்.

லத்தீனில் ‘கிராவிஸ்’ என்றால் கனமானது. அதிலிருந்து ‘கிராவிட்டாஸ்’, கனம். ஆங்கிலத்துக்கு வந்தபோது இச்சொல் முதலில் குறித்தது கல்லின் கனத்தை அல்ல, ஆளின் கனத்தை: நிதானம், கண்ணியம், பேச்சில் உள்ள எடை. பொருள்கள் கீழே விழுவதைக் குறிக்கும் சொல்லாக அது மாறியது 17ஆம் நூற்றாண்டில். 1687இல் நியூட்டனின் நூல் வந்தபிறகு அந்தப் பொருளே முதன்மையாகிவிட்டது. தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. ‘கனம் நீதிபதி அவர்கள்’ என்று எழுதிய காலத்தில் யாரும் நீதிபதியை எடை போடவில்லை.

லத்தீன் ‘கிராவிஸு’க்கு வடமொழியில் உடன்பிறப்பு ‘குரு’. ஆசிரியரைக் குறிக்கும் அதே சொல்தான். அதன் அடிப்படைப் பொருளும் கனமானது என்பதே. அதனால் மலையாளம், தெலுங்கு, இந்தி எல்லாம் நியூட்டனின் விசையை ‘குருத்வாகர்ஷணம்’ என்ற வகையில் சொல்கின்றன: கனத்தால் வரும் இழுப்பு. தமிழிலும் பழைய பாடநூல் நடையில் ‘ஆகர்ஷண சக்தி’ இருந்தது. பிறகு ‘ஈர்ப்பு விசை’ வந்தது, ஊன்றிவிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லத்தீன் சொல் கனத்தைச் சொல்கிறது. இழுப்பைச் சொல்லவில்லை, நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சொல் கனத்தை விட்டுவிட்டு நேரே இழுப்பைச் சொல்கிறது. கரி 6 அடி 2 அங்குலம். அந்த ஆட்டத்தின் அளவுக்கு மெலிந்த உடம்பு. அவருக்குக் கனம் என்ற சொல்லைவிட இழுப்பு என்ற சொல்தான் பொருந்தும்.

அப்படியானால் ‘புவியீர்ப்பு’ என்று எழுதலாமா? கூடாது. கிராவிட்டி என்றதும் கைப்பழக்கத்தில் வந்து விழும் சொல் அது. புவி என்றால் பூமி. பூமியின் ஈர்ப்பு புவியீர்ப்பு. ‘கரியின் புவியீர்ப்பு’ என்றால் கரியின் பூமியின் ஈர்ப்பு என்றாகும். ‘கவர்ச்சி’யும் ஒரு காலத்தில் நல்ல இயற்பியல் சொல்தான், இன்று அதன் பொருள் திரைப்படச் சுவரொட்டிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘இழுப்பு’ என்றால் மூச்சிரைப்பு நினைவுக்கு வருகிறது. ‘இழுவை’ வண்டிக்கும் விமானத்துக்கும் ஆகிவிட்டது. ‘காந்தம்’ கொஞ்சம் ஆசைகாட்டும் சொல். ஆனால் காந்தம் இரும்பைத்தான் இழுக்கும். கரி தன்னைக் காப்பவரை மட்டும் இழுப்பதில்லை. மூலையில் வேறொருவரைக் காத்துக்கொண்டு நிற்பவர்கூட அரையடி நகர்ந்து, அரைக்கண்ணை இந்தப் பக்கம் வைத்திருக்கிறார். எல்லாரையும் இழுப்பது ஈர்ப்புதான்.

ஆக, ‘ஈர்ப்பு’. புவியும் வேண்டாம், விசையும் வேண்டாம்.

இந்தச் சொல்லை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘ஈர்த்தான்’ என்றால் இழுத்தான். ‘ஈர்ந்தான்’ என்றால் அறுத்தான், பிளந்தான். மரம் அறுக்கும் வாளுக்கு ஈர்வாள் என்று பெயர். நாள் என்று ஒன்றுபோல் காட்டி உயிரை ஈரும் வாள் என்கிறது 334ஆம் குறள். அங்கே ஈர்தல் இழுப்பதல்ல, அறுப்பது. ‘ஈர்’ என்ற ஒரே வடிவத்தில் இழுப்பும் பிளப்பும் அருகருகே இருக்கின்றன. ஒரு நட்சத்திரக் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் வெளிவட்ட ஆட்டக்காரர்) தன் அணியின் தாக்குதலுக்கு என்ன செய்கிறார் என்று கேட்டால், விடை இந்த இரண்டும்தான். தடுப்பை இழுக்கிறார், இழுத்த இடத்தில் தடுப்பு பிளக்கிறது. ஆங்கிலச் சொல்லில் இரண்டாவது பாதி இல்லை.

களத்தில் இது நடக்கும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கரி பந்தோடு மேலே, மூன்று புள்ளிக் கோட்டுக்கும் வெளியே நிற்கிறார். அவருடைய அணியின் டிரேமண்ட் கிரீன் வந்து கரியைக் காப்பவருக்குக் குறுக்கே நிற்கிறார், அதாவது ஸ்கிரீன் வைக்கிறார். கரி அதைச் சுற்றிக்கொண்டு வருகிறார். இப்போது கிரீனைக் காப்பவர் ஒரு முடிவெடுக்க வேண்டும். பின்னால் நின்றால் கரி எறிந்துவிடுவார். அதனால் மேலேறி வருகிறார், இரண்டு பேர் கரியின் முன் கைகளைத் தூக்குகிறார்கள். அந்தக் கணத்தில் கரி பந்தை கிரீனுக்குத் தட்டிவிடுகிறார். கிரீன் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் பந்தைப் பிடித்து ரிங்கைப் பார்த்துத் திரும்பும்போது அவர் பக்கம் நான்கு பேர், எதிரில் மூன்று பேர். ஒரு தடுப்பாளர் கிரீனை நோக்கி வந்தால் ரிங்கடியில் ஒருவர் காலி. வராவிட்டால் கிரீனுக்கே லே-அப், அதாவது ரிங்கடிக்கே போய்ப் போடும் எளிய எறி. இங்கே கூடை யாருடையதானாலும் பிளவு கரியுடையது.

தடுப்பாளர்கள் ஏன் அவ்வளவு தூரம் வெளியே வருகிறார்கள்? பயத்தால் அல்ல, கணக்கால். 2015-16 பருவத்தில் கரி 886 மூன்று புள்ளி எறிகளில் 402ஐப் போட்டார், 45.4 விழுக்காடு. அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. ஒரு எறிக்குச் சராசரி 1.36 புள்ளி என்று இதைப் படிக்கலாம். இரண்டு புள்ளி எறியில் இதே வரவு வேண்டுமானால் 68 விழுக்காடு விழ வேண்டும். ரிங்குக்குக் கீழே காவலின்றி நிற்பவருக்குத்தான் அது நடக்கும். ஆகவே கோட்டுக்கு வெளியே கரியை விடுவதும் ரிங்கடியில் ஒருவரைக் காலியாக விடுவதும் தடுப்பாளருக்கு ஏறத்தாழ ஒரே நட்டம்.

என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது. நடுவில் ரிங்கிலிருந்து 23 அடி 9 அங்குலம், மூலைகளில் 22 அடி. கோட்டைத் தாண்டி ஓரிரு அடிக்கு மேல் ஒருவரைத் துரத்த வேண்டியதில்லை என்பதே தடுப்பாளர்களின் நெடுநாள் வழக்கம். 2016 பிப்ரவரி 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில், கூடுதல் நேர ஆட்டம் சமநிலையில் இருக்க, கரி பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினார். அவரைக் காத்த எதிரணி ஆட்டக்காரர் ஆந்த்ரே ராபர்சன் பின்வாங்கியபடியே, இன்னும் கொஞ்சம் நெருங்கி வரட்டும் என்பதுபோல் காத்திருந்தார். கரி நெருங்கவில்லை. 35 அடிக்கும் அப்பாலிருந்து எறிந்தார். 121-118. அன்றைக்கு அது அவருடைய பன்னிரண்டாவது மூன்று புள்ளி. ராபர்சன் செய்தது அன்றுவரை சரியான தடுப்பு. அப்படி ஓர் எறியைப் பார்த்தபின் எந்தத் தடுப்பாளரும் அங்கே காத்து நிற்க முடியாது. தடுப்பு பத்தடி முன்னால் வந்தால் அதன் முதுகுக்குப் பின்னால் பத்தடி காலி. தூரம் கூடக் கூட ஈர்ப்பு குறையும் என்பது நியூட்டன் விதி. அது இங்கும் உண்டு, இவருக்கு மட்டும் மெதுவாகக் குறைகிறது.

ஈர்ப்பை இரண்டாகப் பிரித்துப் பேச வேண்டிய இடங்கள் உண்டு. பந்து கையில் இருக்கும்போது வருவது ஒன்று. இது பல கார்டுகளிடம் உண்டு. 2018-19இல் ஆட்டத்துக்கு 36.1 புள்ளி எடுத்த ஜேம்ஸ் ஹார்டனைக் காக்க அணிகள் விநோதமான ஏற்பாடுகளையெல்லாம் செய்து பார்த்தன. பந்து கையில் இல்லாதபோதும் நீடிப்பது மற்றொன்று. கரி பந்தைக் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்குவார். ஒரு ஸ்கிரீன், இன்னொரு ஸ்கிரீன், திரும்பி மூலைக்கு. பார்வையாளர் கண் பந்தின்மேல் இருக்கும்; தடுப்பாளர்கள் இரண்டு பேரின் கண் பந்தே இல்லாத ஒருவர்மேல் இருக்கும். இதைப் ‘பந்தில்லா ஈர்ப்பு’ என்று சொல்லலாம். மதிப்பிடுவதற்குக் கடினமானதும், என் எண்ணத்தில் மேலானதும் இதுவே. பந்து ஒரே கையில் தேங்காமல் மற்ற நால்வரிடமும் உயிரோடு இருக்கிறது அல்லவா?

சரி, அளப்பது எப்படி? புள்ளியும் அசிஸ்டும் (கூடை விழப் பந்து கொடுத்த கணக்கு) போதாது என்பதை இகுவடாலாவின் அந்த எறியே காட்டிவிட்டது. பந்து ஓர் அணியின் கைக்கு வந்து மறு அணியிடம் போகும்வரை ஒரு முறை என்று வைத்து, 100 முறைக்கு அணி எத்தனை புள்ளி எடுக்கிறது என்று கணக்கிடுவார்கள். நட்சத்திர ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது எத்தனை, பெஞ்சில் இருக்கும்போது எத்தனை? ஒரு பேச்சுக்கு 118உம் 107உம் என்றால் வித்தியாசம் 11. இந்த எண்ணை அப்படியே நட்சத்திரத்தின் பெயரில் எழுதிவிடுவது அவசரம். அவர் உட்காரும்போது தொடக்க ஐவரில் வேறு சிலரும் சேர்ந்து உட்காருகிறார்கள். எதிரணியும் மாற்று ஆட்டக்காரர்களை இறக்குகிறது. வெற்றி தோல்வி முடிவான கடைசி நிமிடங்களின் புள்ளிகளும் உள்ளே கலந்திருக்கும். அதனால் நான் பார்ப்பது இன்னொன்றை: அவர் இருக்கும்போது மற்ற நால்வரின் எறிகள் எப்படிப்பட்டவையாக இருக்கின்றன? காவலின்றி எறிகிறார்களா, ரிங்குக்கு அருகில் எறிகிறார்களா? இவருடைய ஈர்ப்பு அவர்களுடைய எறிகளில்தான் தெரியும்.

2013-14 பருவத்தில் எல்லா என்.பி.ஏ. அரங்குகளிலும் கூரையில் கேமராக்கள் பொருத்தப்பட்டு, ஒவ்வொரு ஆட்டக்காரரும் நொடிக்கு நொடி எங்கே நிற்கிறார் என்பது பதிவாகத் தொடங்கியது. அதன்பிறகு ஈர்ப்பு வெறும் உவமையாக இல்லை. தடுப்பாளர் சராசரியாக நிற்க வேண்டிய இடம் எது, இவரைக் கண்டு அவர் எவ்வளவு விலகி வந்தார் என்று அளக்க முடிந்தது. 2025இல் என்.பி.ஏ. அமேசான் வெப் சர்வீசஸுடன் சேர்ந்து அறிவித்த புதிய அளவைகளில் ஒன்றின் பெயரே கிராவிட்டி. தமிழில் எழுதும்போது திறனை ‘ஈர்ப்பு’ என்றும், இப்படி எண்ணாக வருவதை ‘ஈர்ப்பு மதிப்பு’ என்றும் வேறுபடுத்தினால் குழப்பம் இராது.

இழுத்தால் மட்டும் புள்ளி வருமா என்றால் வராது. பிளவில் பந்தைப் பிடிப்பவர் முடிவெடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மூலையில் நிற்பவர் எறியத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எறியத் தெரியாத இருவர் பக்கத்தில் நின்றால் அவர்களைக் காப்பவர்கள் கவலையின்றி விட்டுவிட்டு வருவார்கள். இரண்டு பேர் வந்த இடத்துக்கு மூன்று பேர் வருவார்கள். டொராண்டோவில் ராப்டர்ஸ் நம்பியது அதைத்தான், அன்றிரவு இகுவடாலா பொய்யாக்கினார். ஆனால் தொடரை ராப்டர்ஸ் 4-2 என்று வென்றார்கள். ஈர்த்தல் ஒருவரின் வேலை, ஈர்தல் ஐவரின் வேலை என்று இதைப் புரிந்துகொள்கிறேன்.

எழுதுவோர் கவனத்துக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. ‘ரசிகர்களை ஈர்க்கும் வீரர்’ என்ற தொடர் விளையாட்டுப் பக்கங்களில் தேய்ந்துபோன ஒன்று. அதனால் ‘கரியின் ஈர்ப்பு’ என்று மொட்டையாக எழுதினால் அவருடைய புகழைச் சொல்வதாகப் படிக்கப்படும். யாரை ஈர்க்கிறார் என்பதை முதல் தடவை சேர்த்துவிட வேண்டும்: ‘தடுப்பாளர்களை ஈர்க்கும் திறன்’, ‘தடுப்பு ஈர்ப்பு’. அடுத்த வரியிலிருந்து ஈர்ப்பு என்றாலே போதும்.