மஞ்சட்கருப் புரதமா, வைப்புப் புரதமா?

ஆண் விலங்குக்கு மஞ்சட்கரு உண்டா? உண்டு என்கின்றன அண்மைக்காலமாக என்னிடம் திருத்த வரும் மொழிபெயர்ப்புகள். உண்ணத்தக்க கடல் முள்ளெலிகள் (ஆங்கிலத்தில் 'சீ அர்ச்சின்', முள் நிறைந்த ஓடுள்ள கடலுயிர்கள்) இனப்பெருக்கத்துக்கு முதிரும்போது அவற்றின் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றிய கட்டுரை ஒன்றில் 'ஆணின் விந்தகத்தில் மஞ்சட்கருப் புரதம் மிகுதி' என்று ஒரு வரி. எழுதியவருக்கு உறுத்தவில்லை, பதிப்பித்தவருக்கும் உறுத்தவில்லை. அடையாறில் நடந்த ஒரு சொற்பொழிவிலும் இதே தொடர் காதில் விழுந்தபோது பொறுமை போய்விட்டது.

சொல்லின் பிறப்பு எளிது. ஆங்கிலத்தின் 'யோக்' மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. நாமும் நிறம் பார்த்தே பெயர் வைத்தோம். லத்தீனில் 'விட்டெல்லஸ்' என்றால் மஞ்சட்கரு, கன்றுக்குட்டி என்றும் பொருள். அதிலிருந்து வந்தது விட்டெல்லோஜெனின், பெட்டைக்கோழியின் ஈரலில் உருவாகி முட்டைக்குள் போய்ச் சேரும் புரதம்.

கடல் முள்ளெலியின் கதை வேறு. அதன் முட்டையிலிருந்த முதன்மையான புரதத்தையும் இதே குடும்பம் என்றுதான் முதலில் நினைத்தார்கள், ஆங்கிலத்தில் 'மேஜர் யோக் புரோட்டீன்' என்ற பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு பார்த்தால் அது இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் இனத்தைச் சேர்ந்தது. 2002இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகச் சொன்னது. அது குடலில் உருவாகிறது, இனப்பெருக்கச் சுரப்பியிலும் உருவாகிறது. ஆணிலும் உருவாகிறது, பெண்ணிலும் உருவாகிறது. ஓட்டுக்குள் ஐந்து மடல்களாக இருக்கும் அந்தச் சுரப்பியில் ஊட்டச் செல்கள் என்று ஒரு வகை உண்டு. இனச்செல்கள் பெருகத் தொடங்குவதற்கு முன் இந்தப் புரதம் அவற்றில் நிறைந்து கிடக்கிறது. முதிர்ச்சி தொடங்கியதும் அதைச் சிதைத்து, கிடைத்த பொருளைக் கொண்டு பெண் முட்டைகளை உருவாக்குகிறது, ஆண் விந்தணுக்களை உருவாக்குகிறது. பெண்ணில் ஒரு பகுதி முட்டைக்குள் போகிறது. ஆணில் பெரும்பாலும் செலவழிந்துவிடுகிறது. இனச்செல்களைக் கடலில் விட்ட பிறகு ஊட்டச் செல்கள் மறுபடியும் நிரம்புகின்றன.

இப்போது 'மஞ்சட்கருப் புரதம்' என்ற தொடரைப் பாருங்கள். மஞ்சள் பொய்: அந்தச் சுரப்பிக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் தருவது எக்கினினோன் முதலான கரோட்டினாய்டு நிறமிகள், இந்தப் புரதம் அன்று. கரு பொய்: விந்தணுவுக்குச் செலவாகும் பொருளில் கரு எங்கிருந்து வந்தது? முட்டையிலும் கோழிமுட்டையைப் போல நடுவில் மஞ்சள் உருண்டை கிடையாது, நுண்மணிகளாகப் பரவியிருக்கும். இரண்டு சொல்லில் இரண்டு பொய். மிஞ்சிய 'புரதம்' மட்டும் உண்மை.

'கருவுணவுப் புரதம்' என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசித்தவர்கள். நிறத்தை விட்டார்கள், நல்லது. ஆனால் கருவை விடவில்லை. 'சினைப் புரதம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர் எவரும் ஆண் மீனைச் சினைமீன் என்று சொல்லமாட்டார். அந்த அளவு கவனம் அறிவியல் எழுதுகிறவர்களுக்கு வேண்டாமா? ஜப்பானியர் 'உனி' என்று உண்பதை 'முள்ளெலி முட்டை' என்று உணவுப் பத்திகளில் எழுதுவதும் இதே கோளாறுதான். தட்டில் இருப்பது முழுச் சுரப்பி, ஆணுடையதாகவும் இருக்கலாம். சொல்லப்போனால், இனச்செல்கள் பெருகி முதிர்ந்துவிட்டால் அது குழைந்து ஒழுகத் தொடங்கி விலை இறங்கிவிடும். வாங்குகிறவர் விரும்புவது முட்டை நிறைவதற்கு முந்தைய நிலையை!

என் பரிந்துரை 'வைப்புப் புரதம்'. பின்னால் எடுத்துச் செலவழிக்கச் சேர்த்து வைத்தது என்பதே இந்தப் புரதத்தின் வேலை. 'பெற்றான் பொருள்வைப் புழி' என்று குறள் சொல்லும் வைப்பு இது. வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படும் எந்தச் சம்பளக்காரருக்கும் விளக்கம் தேவைப்படாது. வழக்கில் வைப்புக்கு வேறொரு பொருளும் உண்டே என்று சிரிப்பவர்கள் உண்டு. வங்கியில் நிரந்தர வைப்புப் படிவம் நிரப்பும்போது அவர்கள் சிரிப்பதாகத் தெரியவில்லை. 'சேமிப்புப் புரதம்' என்றாலும் எனக்குச் சண்டை இல்லை. சேமம் வடசொல் என்று முகம் சுளிக்கும் தனித்தமிழ் அன்பர்களே 'மஞ்சட்கருப் புரத'த்தைச் சுத்தத் தமிழ் என்று ஏற்கிறார்கள், அதுதான் எரிச்சல். தமிழாக இருந்தால் போதுமா, பொருள் வேண்டாமா?

ஆங்கிலப் பெயரே பிழையாக இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். அகராதியை மூடிவிட்டு அடுத்த பத்தியைப் படிக்கலாம். என்னிடம் வந்த கட்டுரையில் அடுத்த பத்தியிலேயே 'இரு பாலிலும்' என்று தெளிவாக இருந்தது. முதல் முறை வரும்போது 'மஞ்சட்கருப் புரதம் எனப்பட்டுவந்த வைப்புப் புரதம்' என்று எழுதிவிட்டு, பிறகு வைப்புப் புரதம் என்றே தொடரலாம். கோழிமுட்டையைப் பற்றி எழுதும்போது மஞ்சட்கருவைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.