மாமா வீட்டு ஸ்பீக்கரும் பினாங்கு ஈரக்காற்றும்

ஜெலுத்தோங்கில் இருக்கும் மாமா போன மாதம் போன் செய்தார். "டேய், அலமாரி மேல இருக்கிற ஸ்பீக்கர் கரகரங்குது. சரி பண்ணலாமா, இல்ல தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடவா?"

போய்ப் பார்த்தேன். முன்பக்கத் துணியைக் கழற்றியதுமே சங்கதி விளங்கிவிட்டது. கூம்பைச் சுற்றி இருக்க வேண்டிய ஸ்பாஞ்சு வளையத்தில் பாதியைக் காணோம். மீதியைத் தொட்டால் கறுப்புப் பிசினாய் விரலில் ஒட்டியது. காந்தம், காகிதக் கூம்பு, மரப்பெட்டி எல்லாம் நாற்பது வருடம் கழித்தும் திடமாகவே இருந்தன.

அந்த வளையம் பாலியூரித்தேன் நுரை. இந்த ரகத்தில் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை எஸ்டர் பிணைப்புகள் கோத்து வைத்திருக்கும். காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்பை ஒவ்வொன்றாக வெட்டுகின்றன. வெட்டிய இடத்தில் அமிலம் உருவாகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகமாக்குகிறது. சூடு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் நம் ஊரில், ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வளையம் இற்றுக்கொண்டுதான் இருக்கும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் "பெட்டியிலேயே இருந்துச்சு அண்ணே, ஓட்டவே இல்ல" என்று சொல்லி விற்பார்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனால் வளையம் பிழைத்திருக்கும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

கிழிந்த வளையம் ஒலியை எப்படிக் கெடுக்கிறது? கூம்பின் கழுத்தில் இருக்கும் கம்பிச்சுருள், காந்தத்தின் மிகக் குறுகிய இடைவெளிக்குள் எதையும் தொடாமல் முன்னும் பின்னும் ஓட வேண்டும். நடுவில் பிடித்து வைக்கும் வளையம் போனால் சுருள் சாய்ந்து காந்தத்தில் உரசும். மாமா கேட்ட கரகரப்பு அதுதான். மாமாவுடையது போன்ற மூடிய பெட்டிக்கு இன்னொரு கேடும் உண்டு. 1954இல் அமெரிக்கர் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். அதுவரை ஆழமான பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுப் பெட்டி வேண்டும். அவர் கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக ஆக்கினார். பெட்டி அலமாரித் தட்டில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. வளையம் கிழிந்தால் காற்று கசியும், ஸ்பிரிங் போய்விடும், பாஸும் போய்விடும்.

சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம். இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே பெட்டியில் கிடைக்கும். இது இன்றைக்கும் மாறாத இயற்பியல். பிபிசி 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ வெறும் 30 சென்டிமீட்டர் உயரம். அதன் உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு அது எழுப்பும் சத்தம், 83 டெசிபலைத் தொடாது. 88 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் எழுப்பும் சத்தத்தை இதில் எழுப்ப 30 வாட்டுக்கு மேல் வேண்டும். இதன் பாஸ் கூம்பு பிளாஸ்டிக், வளையம் ரப்பர். காகிதம் ஈரத்துக்கு மாறுவது போல இவை மாறாது. பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது நான் பெயர்ப்பலகைக்கு முன் வளையத்தைப் பார்ப்பது இதனால்தான்.

புதிய ஸ்பீக்கர்கள் எதில் முந்திவிட்டன? பாஸ் கணக்கில் ஓரளவு. துளை வைத்த பெட்டிக்கு ஆஸ்திரேலியாவில் தீல் என்ற பொறியாளர் 1961இல் எழுதிய கணக்கு, 1971இல் மறுபடி அச்சான பிறகுதான் உலகெங்கும் பரவியது. ஸ்மால் என்ற இன்னொருவர் அதை விரித்தார். அதற்கு முந்தைய துளைப் பெட்டிகள் பலவும் உத்தேசக் கணக்கு. ஆனால் என் வீட்டில் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் பக்கவாட்டு ஒலி. 20 சென்டிமீட்டர் கூம்பு ஏறக்குறைய 1,700 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் டார்ச் விளக்கு மாதிரி நேராக மட்டும் அடிக்கும். 3,000 ஹெர்ட்ஸில் பொறுப்பேற்கும், உச்ச ஒலிகளுக்கான சின்ன ட்வீட்டரோ எல்லாப் பக்கமும் தெளிக்கும். நடுவில் ஒரு குழி விழுகிறது. நேராக உட்கார்ந்து கேட்டால் குழி தெரியாது. ஆனால் டைல்ஸ் தரையும் சிமெண்டுச் சுவருமாக இருக்கும் நம் கூடத்தில் காதுக்கு வருவதில் பெரும்பங்கு எதிரொலி. பக்கவாட்டில் கெட்ட ஒலி எல்லாச் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் ஸ்பீக்கர்களின் பெயரை மறைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். நேரிலும் பக்கத்திலும் சீராக ஒலித்தவற்றையே பெரும்பாலோர் விரும்பினர். இன்றைய நல்ல ஸ்பீக்கர்களில் ட்வீட்டரைச் சுற்றி ஆழமற்ற கிண்ணம் போல ஒரு குழிவு இருக்கிறதே, அது இந்தப் பரவலை அடக்கி இரண்டையும் இணைப்பதற்குத்தான்.

ஆகவே சின்னக் கூடத்துக்குப் புதிதாய் வாங்குவோருக்கு, 13 சென்டிமீட்டர் கூம்புள்ள இன்றைய ஸ்பீக்கரையே சொல்வேன். ரப்பர் வளையத்தோடு பழையது மலிவாக வந்தால் அதையும் விட மாட்டேன். ட்வீட்டருக்குப் போகும் மின்தேக்கிகளை மட்டும் மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் திரவம் காய்ந்தால் மின்தடை ஏறி ட்வீட்டர் மங்கும், பாடகரின் சகரமும் ஷகரமும் துணிக்குப் பின்னால் போய்விடும். புதியதற்குச் சில வெள்ளிதான். கோலாலம்பூர்க்காரர்கள் ஜாலான் பாசார் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

மாமாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. அத்தை முதல் தீபாவளிக்கு வாங்கித் தந்த ஜோடியாம் அது. புது வளையம் ஒட்டி, பசை காய இரண்டு நாள் விட்டேன். பிறகு கூம்பை நான்கு விரலால் மெல்ல உள்ளே அழுத்தி விட்டுப் பார்த்தேன். உரசவில்லை. விட்டதும் துள்ளி வராமல், சோம்பலாய் நகர்ந்து பழைய இடத்துக்கு வந்து நின்றது. காற்று கசியவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே மாமா மின்னல் எஃப்எம்மைப் போட்டார்.